இதெல்லாம் ஒரு பாட்டா?



உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது? படிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பாட்டை மனத்துக்குள் ஒரு முறை பாடிப் பாருங்கள்.

பாடினீர்களா? நல்லது. இப்போது இன்னொரு கேள்வி. அந்தப் பாட்டை யாராவது கேலி செய்திருக்கிறார்களா? "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்டிருக்கிறார்களா? அப்போது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

மழை நாள் வகுப்பு

நான் கொல்கத்தாவில் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இங்கே லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த மார்க்கெட்டில் வாழை இலை கிடைக்கும். முருங்கைக்காய் கிடைக்கும். கட்டிய பூச்சரம் கிடைக்கும். அங்கே நடந்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

வாரத்தில் மூன்று நாள் மாலையில் எங்கள் வகுப்பு நடக்கும். ஒரு வங்காளித் தாத்தா தன் வீட்டுத் திண்ணையை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறோம்.

ஒரு நாள் நல்ல மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நாலு பேர்தான் வந்தார்கள். பூக்கடை அண்ணன் வந்தார். டிபன் கடையில் வேலை செய்யும் தம்பி வந்தான். ஊறுகாய் போட்டு விற்கும் பாட்டி வந்தார். வீட்டு வேலை செய்யும் அக்கா வந்தார்.

நாலு பேரை வைத்துக்கொண்டு புதுப் பாடம் நடத்த முடியாது. "சரி, இன்றைக்குப் பேசுவோம். ஆளுக்கு ஒரு பாட்டுச் சொல்லுங்கள். ஏன் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள்" என்றேன்.

பூக்கடை அண்ணன் முந்திக்கொண்டார்.

"எனக்கு டி.எம். சௌந்தரராஜன்தான். காலையில கடை திறந்ததும் அவர் குரல் கேட்கணும். இல்லேன்னா வியாபாரம் ஓடாது."

தம்பி சிரித்தான்.

"அண்ணே, அதெல்லாம் பழசு. அனிருத் பாட்டுக் கேளுங்க. பாத்திரம் தேய்க்கிற கை தானா ஆடும்."

"அது பாட்டாடா? தகர டப்பாவை உருட்டுற சத்தம்!"

"உங்க பாட்டைக் கேட்டா எனக்குத் தூக்கம் வருது!"

பாட்டி நடுவில் வந்தார்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. கே.பி. சுந்தராம்பாள் பாடினா எட்டு ஊருக்குக் கேட்கும். மைக்கே வேண்டாம்."

அண்ணனும் தம்பியும் இப்போது ஒன்று சேர்ந்துகொண்டு பாட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

"நீங்க சொல்லுங்கக்கா" என்றேன்.

"எனக்குப் பாட்டே வேண்டாம் தங்கச்சி" என்றார்.

அக்கா ஏன் பாட்டை நிறுத்தினார்?

மெல்ல மெல்லத்தான் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

அக்கா ஒரு தமிழ்க் குடும்பத்தில் சமையல் வேலை செய்கிறார். வேலை செய்யும்போது செல்போனில் பாட்டு வைப்பார். கூடவே பாடவும் செய்வார். எல்லாம் சினிமாப் பாட்டுத்தான். ஒரு நாள் அந்த வீட்டுக்கு ஒரு மாமா விருந்துக்கு வந்தார். அவர் முறையாகச் சங்கீதம் படித்தவர். சமையலறைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு பாட்டா? இதைக் கேட்கிறவங்களுக்கு என்ன ரசனை இருக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். அவர் அதை மறந்தும் போயிருப்பார். ஆனால் அக்கா மறக்கவில்லை. அன்றைக்கு அணைத்த பாட்டை மறுபடி வைக்கவில்லை. நாலு மாதமாகச் சமையலறையில் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை.

"படிச்சவர் சொல்றார். நமக்கு என்ன தெரியும்? பதில் சொல்லத் தெரியலை. அதான் நிறுத்திட்டேன்" என்றார் அக்கா.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவனும் பாட்டியிடம் அதைத்தானே செய்தான்?

அப்போது வங்காளித் தாத்தா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. "என்ன சண்டை?" என்று வங்காளத்தில் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"பாட்டுக்காகச் சண்டையா? இந்த ராஷ்பிகாரி அவென்யூவுக்கு அது புதிதா? இதே சாலையில்தான் எங்கள் ஜார்ஜ் தா குடியிருந்தார்" என்றார்.

வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணன். ஜார்ஜ் தா என்றால் ஜார்ஜ் அண்ணன். யார் அந்த ஜார்ஜ் அண்ணன்? தாத்தா அன்று சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜார்ஜ் அண்ணன்

அவருடைய பெயர் தேவவிரத விசுவாஸ். வங்காளிகள் 'தேபப்ரத பிஸ்வாஸ்' என்று சொல்வார்கள். 1911ஆம் ஆண்டு பிறந்தார். அந்த ஆண்டுதான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவுக்கு வந்தார். அதனால் வீட்டில் ஜார்ஜ் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் பிறந்த பரிசால் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. கொல்கத்தாவுக்கு வந்து பொருளாதாரம் படித்தார். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். மோட்டார் சைக்கிளில் போவார். அவருக்கு ஆஸ்துமா என்ற மூச்சிரைப்பு நோய் உண்டு. அப்படியும் அவர் குரல் கணீர் என்று இருக்கும்.

1943ஆம் ஆண்டு வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் பசியால் மாண்டார்கள். அந்தக் காலத்தில் இந்திய மக்கள் நாடக மன்றம் என்ற அமைப்பு உருவானது. அதன் கலைஞர்கள் ஊர் ஊராகப் பாடியும் நடித்தும் மக்களின் துயரத்தை எடுத்துச் சொன்னார்கள். ஜார்ஜ் அண்ணனும் அவர்களோடு பாடினார்.

ஆனால் அவருக்குப் பெரும் புகழ் தந்தவை ரவீந்திரநாத் தாகூரின் பாட்டுகள்.

தாகூர் பாட்டு

தாகூர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நம் தேசிய கீதத்தை எழுதியவர். 1913இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் இரண்டாயிரத்துக்கும் அதிகமான பாட்டுகளை எழுதி, மெட்டும் போட்டார். அவற்றை 'ரவீந்திர சங்கீதம்' என்கிறார்கள். வங்காளி வீடுகளில் இந்தப் பாட்டுகள் சோறு தண்ணீர் போல. கல்யாணம், பண்டிகை, மழைக்காலம், துக்கம் என்று எதற்கும் ஒரு பாட்டு உண்டு.

தாகூர் 1941இல் காலமானார். அவர் தொடங்கிய கல்வி நிலையம் விசுவபாரதி. அது கொல்கத்தாவுக்கு வடக்கே சாந்திநிகேதனில் இருக்கிறது. தாகூரின் எழுத்துக்கும் பாட்டுக்கும் பதிப்புரிமை விசுவபாரதியிடம் இருந்தது. பதிப்புரிமை என்றால் என்ன? ஒருவர் எழுதியதை அச்சிடவோ, இசைத்தட்டில் பதிந்து விற்கவோ, உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். அந்த உரிமைதான் பதிப்புரிமை.

விசுவபாரதியில் ஓர் இசைக்குழு இருந்தது. யாராவது தாகூர் பாட்டைப் பாடி இசைத்தட்டு வெளியிட நினைத்தால், முதலில் அந்தக் குழு அதைக் கேட்கும். சரி என்றால் வெளியிடலாம். சரியில்லை என்றால் வெளியிட முடியாது.

குழு என்ன குறை சொன்னது?

ஜார்ஜ் அண்ணனின் இசைத்தட்டுகளை மக்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் 1960களில் அவருடைய சில பாட்டுகளுக்குக் குழு ஒப்புதல் தரவில்லை.

குழு சொன்ன குறைகள் இவை. வாத்தியங்களின் சத்தம் அதிகமாக இருக்கிறது. மேல்நாட்டு வாத்தியங்கள் வருகின்றன. பாடும் வேகம் சரியில்லை. ஸ்வரக் குறிப்பில் உள்ளபடி பாடவில்லை. உணர்ச்சியை அளவுக்கு மேல் காட்டுகிறார்.

ஜார்ஜ் அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டின் பொருள் கேட்பவர் மனத்தில் போய்ச் சேர வேண்டும், அதற்கு ஏற்றபடிதான் பாடுகிறேன் என்பது அவர் கட்சி. கடிதம் எழுதி வாதாடினார். எது தவறு, ஏன் தவறு என்று கேட்டார்.

வாதம் தீரவில்லை. கடைசியில் 1970களின் தொடக்கத்தில் அவர் ஒரு முடிவு எடுத்தார். தாகூர் பாட்டுகளை இசைத்தட்டில் பாடுவதையே நிறுத்திவிட்டார்.

நினைத்துப் பாருங்கள். ஒரு பாடகருக்கு இதைவிடப் பெரிய வேதனை உண்டா?

இதைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னை மாதிரிதான் அவரும் நிறுத்திட்டாரா?" என்று கேட்டார்.

புள்ளியும் வண்ணமும்

பூக்கடை அண்ணனுக்குக் கோபம் வந்தது. "அந்தக் குழுவுல இருந்தவங்க மோசமானவங்க" என்றார்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தாத்தா வேறு மாதிரி சொன்னார். "அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்" என்றார்.

தாகூருக்குத் தன் பாட்டின் மீது அக்கறை அதிகம். தன் மெட்டைப் பாடகர்கள் இஷ்டம்போல மாற்றுவதை அவர் விரும்பவில்லை. அவருடைய பாட்டுகளின் ஸ்வரக் குறிப்புகளை 'ஸ்வரவிதான்' என்ற பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பு இருப்பதால்தான் நூறு வருடத்துக்கு முந்திய மெட்டு இன்றும் நமக்குக் கிடைக்கிறது. காவல் இல்லாவிட்டால் பாட்டுச் சிதைந்துவிடும் என்று குழு பயந்தது. அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

இதைப் பாட்டிக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். பாட்டியே விளக்கிவிட்டார்.

"புள்ளிக் கோலம் மாதிரிதானே கண்ணு? என் அம்மா போட்ட கோலத்துல பதினஞ்சு புள்ளி. அதைப் பதினாலு ஆக்கினா அது வேற கோலம். ஆனா அம்மா வெறும் அரிசி மாவுல போட்டா. நான் வண்ணப்பொடி தூவுறேன். அதனால அது அம்மா கோலம் இல்லேன்னு ஆயிடுமா?"

எவ்வளவு சரியான பேச்சு! ஒரு பாட்டில் எது புள்ளி, எது வண்ணம்? வாத்தியம் அதிகமானால் பாட்டே மாறிவிடுமா? சண்டை இதைப் பற்றித்தான். ஜார்ஜ் அண்ணன் அதை வண்ணம் என்றார். குழு அதைப் புள்ளி என்றது. இரண்டு பக்கமும் பாட்டை நேசித்தவர்கள்தான்.

அப்படியானால் எங்கே தவறு? வாதம் தொடர்ந்து நடந்திருக்கலாம். "எங்களுக்கு இது பிடிக்கவில்லை" என்று குழு பத்திரிகையில் எழுதியிருக்கலாம். மக்கள் இரண்டையும் கேட்டு முடிவு செய்திருப்பார்கள். ஆனால் குழுவின் கையில் கருத்து மட்டும் இல்லை. கதவின் தாழ்ப்பாளும் இருந்தது. கருத்துச் சொல்வது வேறு. கதவைச் சாத்துவது வேறு.

மக்கள் என்ன செய்தார்கள்?

இசைத்தட்டு நின்றது. பாட்டு நிற்கவில்லை. ஜார்ஜ் அண்ணன் மேடைகளில் பாடினார். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். எங்கள் தாத்தாவும் இளைஞராக இருந்தபோது அப்படி ஒரு கூட்டத்தில் நின்று கேட்டவர்தான்.

ஜார்ஜ் அண்ணன் தன் மன வருத்தத்தை எல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார். 'ஒதுக்கப்பட்டவனின் அடைபட்ட பாட்டு' என்பது அந்தத் தலைப்பின் பொருள். பாட முடியாததை எழுதினார். எழுத்து எவ்வளவு பெரிய துணை என்று பாருங்கள்!

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் காலமானார். வெளிவராமல் இருந்த அவருடைய பல பாட்டுகள் பிறகு வெளிவந்தன. 2009இல் அவருடைய வாழ்க்கை கொல்கத்தாவில் நாடகமாகவும் வந்தது.

பதிப்புரிமை என்ன ஆயிற்று? முன்பு சட்டப்படி அது எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரைதான். அதன்படி தாகூர் பாட்டுகளின் உரிமை 1991இல் முடிய வேண்டும். அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி 60 ஆண்டு ஆக்கியது. 2001ஆம் ஆண்டு முடிவோடு அந்த உரிமை தீர்ந்தது. இன்று தாகூர் பாட்டைப் பாடி வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம். கிடாரோடு பாடுகிறார்கள். சினிமாவில் பாடுகிறார்கள். சிலர் நன்றாகப் பாடுகிறார்கள். சிலர் கெடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் பாட்டு அழிந்துவிடவில்லை. ஸ்வரக் குறிப்பைப் பார்த்துப் பழைய முறையில் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தாத்தா உள்ளே போய்த் தன் செல்போனை எடுத்து வந்தார். ஜார்ஜ் அண்ணன் பாடிய ஒரு பாட்டை வைத்தார். எங்களில் பாதிப்பேருக்கு அதன் பொருள் சரியாக விளங்கவில்லை. ஆனாலும் மழைச் சத்தத்துக்கு நடுவே எல்லோரும் அசையாமல் கேட்டோம்.

வானொலியில் ஒரு தடை

பாட்டுக்குக் கதவு சாத்திய கதை கொல்கத்தாவில் மட்டும் நடந்ததா? இல்லை. நாடு முழுவதும் ஒரு முறை நடந்தது.

1952ஆம் ஆண்டு பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஆனார். அவர் சாஸ்திரிய சங்கீதத்தை மிகவும் விரும்பியவர். சாஸ்திரிய சங்கீதத்துக்கு வானொலியில் பெரிய இடம் கொடுத்தார். அது நல்ல காரியம். ஆனால் சினிமாப் பாட்டு அவருக்குப் பிடிக்காது. அது தரம் குறைந்தது, மேல்நாட்டு இசையைப் பார்த்து எழுதியது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்தார்கள். அநேகமாக நின்றே போயிற்று.

மக்கள் என்ன செய்தார்கள்? சண்டை போடவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகினார்கள். இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள்! 'சிலோன் ரேடியோ' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். அங்கே தமிழ்ப் பாட்டும் வந்தது, இந்திப் பாட்டும் வந்தது.

அதே 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் 'பினாகா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. அதை நடத்தியவர் அமீன் சயானி. நேயர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன.

இந்த அமீன் சயானிக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. அவருடைய தாயார் குல்சும் சயானி முதியோர் கல்விக்காகப் பாடுபட்டவர். புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்காக 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதாவது நம்மைப் போன்ற வகுப்பில் படித்தவர்களுக்காக! சிறு வயதில் அமீன் சயானியும் அந்த வேலையில் தாய்க்கு உதவினார். எல்லோருக்கும் புரியும்படி எளிமையாகப் பேசும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. அவர் 2024இல் காலமானார்.

கடைசியில் அகில இந்திய வானொலியே இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி 'விவித பாரதி' தொடங்கியது. சினிமாப் பாட்டு மறுபடி நம் வானொலியில் ஒலித்தது.

"அப்போ நம்ம ஜனங்க கடுதாசி எழுதித்தான் ஜெயிச்சாங்களா?" என்று தம்பி கேட்டான். கடிதம் மட்டும் காரணம் இல்லை. ஆனால் கடிதமும் ஒரு காரணம். தனக்கு எது பிடிக்கும் என்று ஒருவர் எழுதினால் அது வெறும் காகிதம். ஆயிரம் பேர் எழுதினால் அது சாட்சி.

குறை சொன்னால் என்ன செய்வது?

வகுப்பு முடியும் நேரம் வந்தது. அன்று பேசியதை எல்லாம் கரும்பலகையில் சுருக்கமாக எழுதினோம். நீங்களும் படியுங்கள்.

ஒன்று: பாட்டைக் குறை சொல்வது வேறு. பாட்டைக் கேட்பவரைக் குறை சொல்வது வேறு. "இந்தப் பாட்டில் சொல் விளங்கவில்லை" என்றால் அது பாட்டைப் பற்றிய பேச்சு. அதைக் காது கொடுத்துக் கேட்கலாம். "இதைக் கேட்கிறவர்களுக்கு என்ன ரசனை?" என்றால் அது நம்மைப் பற்றிய பேச்சு. அதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு: குறை சொல்பவரிடம் காரணம் கேட்கலாம். "எது பிடிக்கவில்லை? ஏன்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். படித்தவர் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். படித்தவரிடம்தானே நல்ல காரணம் கிடைக்க வேண்டும்? அவர் சொல்லும் காரணம் சரியாக இருந்தால் நாமும் ஒன்று கற்றுக்கொள்வோம்.

மூன்று: நமக்கு ஏன் பிடிக்கிறது என்று நாமும் சொல்லப் பழக வேண்டும். சொல்லால் பிடிக்கிறதா? மெட்டாலா? குரலாலா? தாளத்தாலா? அல்லது அந்தப் பாட்டோடு சேர்ந்த ஒரு ஞாபகத்தாலா? ஞாபகமும் நல்ல காரணம்தான்.

நாலு: நமக்குப் பிடிக்காத பாட்டை இன்னொருவர் கேட்டால் சிரிக்காமல் இருப்போம். நாம் பட்ட வலியை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

நாலாவதை எழுதியபோது தம்பி பாட்டியைப் பார்த்தான். "பாட்டி, சுந்தராம்பாள் பாட்டு ஒண்ணு போடுங்க, கேட்கிறேன்" என்றான். பாட்டி உடனே சமாதானம் ஆகவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம், போடா" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்கா எழுதிய வரிகள்

அடுத்த வகுப்புக்கு அக்கா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அதில் தானாகவே அஞ்சு வரி எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகளை மட்டும் சேர்ந்து திருத்தினோம். அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

"எனக்குப் பிடித்தது சுசீலா பாடிய ஒரு தாலாட்டு. என் பெண் குழந்தையாக இருந்தபோது அதைப் பாடித் தூங்க வைத்தேன். இப்போது அவள் கல்யாணம் ஆகிச் சென்னையில் இருக்கிறாள். அந்தப் பாட்டைக் கேட்டால் அவள் என் மடியில் இருப்பது போல இருக்கும். அதனால் பிடிக்கும்."

இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

சில வாரம் கழித்து அந்த மாமா மறுபடி அந்த வீட்டுக்கு வந்தாராம். அக்கா செல்போனில் பாட்டு வைத்திருந்தார். அவர் வந்ததும் கை தானாக அணைக்கப் போனதாம். அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். பிறகு அவரிடமே கேட்டார்.

"அன்னிக்குச் சொன்னீங்களே ஐயா, இந்தப் பாட்டுல எது உங்களுக்குப் பிடிக்கலை?"

மாமாவுக்கு முதலில் ஒன்றும் ஞாபகம் இல்லை. பிறகு யோசித்துச் சொன்னாராம். "தாளச் சத்தம் பெரிசா இருந்தது. பாட்டோட சொல்லே காதுல விழலை."

அக்கா பாட்டை முதலில் இருந்து மெல்ல வைத்தார். இருவரும் கேட்டார்கள். சின்னச் செல்போனில் அதிகச் சத்தம் வைத்ததால்தான் அப்படி இரைந்திருக்கிறது. அது உண்மைதான் என்று அக்கா ஒத்துக்கொண்டார். "இவங்க குரல் நல்ல குரல்தான்" என்று மாமா ஒத்துக்கொண்டார். ஆனால் தனக்குச் சினிமாப் பாட்டுப் பிடிக்காது என்பதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கும் அவர் ரசனை உண்டல்லவா?

அன்று முதல் அந்தச் சமையலறையில் மறுபடி பாட்டுக் கேட்கிறது. கொஞ்சம் சின்னச் சத்தத்தில்.

நண்பர்களே, ஜார்ஜ் அண்ணனுக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது. அதை அவரால் திறக்க முடியவில்லை. ஆனால் அக்காவின் கதவை யார் சாத்தினார்கள்? பாதி அந்த மாமா சாத்தினார். மீதியை அக்காவே சாத்திக்கொண்டார். அதனால்தான் அவராலேயே அதைத் திறக்கவும் முடிந்தது.

சொல் அறிவோம்

ரசனை: ஒன்றின் அழகை அறிந்து மகிழும் குணம்.
விமர்சகர்: ஒரு பாட்டு, படம், புத்தகம் ஆகியவற்றின் நிறை குறைகளை எடுத்துச் சொல்பவர்.
ஒப்புதல்: சரி என்று சம்மதம் தருவது.
ஸ்வரக் குறிப்பு: மெட்டை ச, ரி, க, ம என்ற எழுத்துகளால் எழுதி வைப்பது.
நேயர்: வானொலி கேட்பவர்.

பேசுவோம்

1. ஜார்ஜ் அண்ணன் பக்கம் நியாயமா, குழுவின் பக்கம் நியாயமா? இரண்டு அணியாகப் பிரிந்து பேசுங்கள். பிறகு அணி மாறி நின்று பேசுங்கள்.
2. உங்கள் ஊர் நாட்டுப்புறப் பாட்டில் எது புள்ளி? எது வண்ணம்?
3. "கருத்துச் சொல்வது வேறு, கதவைச் சாத்துவது வேறு." வீட்டிலோ வேலை இடத்திலோ இதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

எழுதுவோம்

பாடத்தின் தொடக்கத்தில் மனத்துக்குள் ஒரு பாட்டுப் பாடினீர்கள் அல்லவா? அது ஏன் பிடிக்கும் என்று அஞ்சு வரி எழுதுங்கள். எழுதியதை வகுப்பில் உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் படிக்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது.